மலைப்பாதையில் மோட்டார் வண்டி தீப்பற்றினால்

(நீலகிரி மாவட்டத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர், தெருவிளக்கு, இணைப்புச் சாலை, தேயிலைக் கொழுந்தின் விலை ஆகியவற்றைப் பற்றியே நம்முடைய கூட்டங்களில் பெரும்பாலும் பேசி வருகிறோம். இன்று சற்று வேறான விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். சாலையில் போய்க்கொண்டிருக்கும் ஒரு காரின் எஞ்சினில் தீப்பிடித்தால் அருகில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன என்பதே அது. “இது டிரைவர்களுக்கும் போக்குவரத்து இலாகாவிற்கும் உரிய காரியம், ஊராட்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் உண்டு. நம் மாவட்டத்தில் வேறு எவரையும்விட உங்களுக்கே அதிகச் சம்பந்தம் உண்டு.

எஞ்சினில் பற்றிய தீ, பிரயாணிகள் அமர்ந்திருக்கும் உட்புறத்தை எட்டுவதற்குச் சில நிமிஷங்களே போதும். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களில் தீயணைப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே பணிபுரிவோர் திறமைசாலிகள். அழைப்பு வந்தவுடன் புறப்பட்டுவிடுபவர்கள். ஆயினும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை அவர்களால் குறைத்துவிட முடியாது. பர்லியாறு வளைவுகளில் வரிசையாக நிற்கும் வண்டிகளைத் தாண்டித் தண்ணீர் நிரம்பிய கனத்த வாகனத்தைப் பறக்கவிடவும் முடியாது. ஆகவே அந்த முதல் ஐந்து நிமிஷங்கள் தீயணைப்புப் படைக்கு உரியவை அல்ல. வளைவில் தேநீர்க் கடை வைத்திருப்பவருக்கும், சாலையோரச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும், காரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும் விவசாயிக்கும் உரியவை.

வண்டிகளின் பெருக்கத்தை நீங்களே கண்ணாரக் காண்கிறீர்கள். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 சுற்றுலா வாகனங்களும், சனி, ஞாயிறுகளில் 8,000 வாகனங்களுமே அனுமதிக்கப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு கட்டியது. வரம்பே இவ்வளவு என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். வருபவர்களில் பலர் மலையில் வண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திற்குச் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகையோ சுமார் 2,240 மீட்டர். இடைப்பட்ட ஏற்றம் முழுவதையும் தாழ்ந்த கியரில், நிறைந்த பாரத்துடன், முன்வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். எஞ்சினுக்கு இதைவிடக் கடினமான வேலை வேறு இல்லை.

கிராம மக்கள் முதல் துணையாக நின்றதற்கு நம் மாவட்டத்திலேயே நாடறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2021 டிசம்பர் 8-ஆம் நாள், சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவக் கல்லூரியை நோக்கி வந்த விமானப்படை ஹெலிகாப்டர், குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரம் கிராமத்தை ஒட்டி விழுந்து தீப்பற்றியது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர் அதில் இருந்தனர். ஒருவரும் பிழைக்கவில்லை; குரூப் கேப்டன் வருண் சிங் மட்டும் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-இல் பெங்களூரில் காலமானார். முதலில் ஓடியவர்கள் அந்தச் சிற்றூர் மக்களே. வீடுகளிலிருந்து குடங்களிலும் வாளிகளிலும் தண்ணீர் கொண்டு சென்றார்கள். காயமுற்றவர்களைத் தூக்கிச் செல்வதற்குத் தங்கள் கம்பளிகளையும் போர்வைகளையும் கொடுத்தார்கள். தீயணைப்பு வாகனம் அந்த இடம்வரை இறங்க வழியில்லை. ராணுவத்தார் பின்னர் அவ்வூருக்கே வந்து மக்களுக்கு நன்றி கூறினர்.

விமான எரிபொருள் பற்றி எரியும்போது குடத்துத் தண்ணீரால் அதை அணைக்க முடியாது. அந்தக் கம்பளிகள் பயன்பட்டன என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத் தெரிந்துகொள்வதே நம் பேச்சின் பாதி.

எஞ்சின் ஏன் தீப்பற்றுகிறது? பெட்ரோல் அல்லது எண்ணெய்க் குழாய் வெடித்துக் கசிந்து, கொதிக்கும் புகைபோக்கிக் குழாயின்மேல் சொட்டுவது ஒரு காரணம். மின்கம்பி உறை தேய்ந்து உராய்வது மற்றொன்று. காரில் இருப்பது 12 வோல்ட் பேட்டரிதானே, அதனால் என்ன ஆகும் என்று அலட்சியமாக இருப்பவர்கள் உண்டு. தொட்டால் உடலில் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் குறுக்கே பாய்ந்தால் கம்பியைச் செந்தணலாக்கும் அளவு மின்சாரம் அதிலிருந்து வரும். இந்த மலையில் மேகம் இறங்கினால் பாதை தெரியாது. ஆகவே பலர் கூடுதல் விளக்குகளைப் பொருத்துகிறார்கள். பொருத்துவதில் குற்றமில்லை. கிடைத்த கம்பியைச் சுற்றி, பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதன் இடத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத் தாளையோ தடித்த கம்பியையோ செருகிவிடுகிறார்களே, அதுதான் குற்றம். பியூஸ் போவது வண்டி நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. எச்சரிப்பவனின் வாயை அடைத்துவிட்டால் பிறகு தீதான் பேசும்.

நம் ஊர்களுக்கே உரிய இன்னொரு காரணம் எலி. இரவில் குளிர் தாங்காமல், ஓடி நின்ற வண்டியின் சூட்டைத் தேடி எலிகள் பானெட்டுக்குள் புகுகின்றன. காய்ந்த புல்லையும் கந்தலையும் சேர்த்துக் கூடு கட்டுகின்றன. கம்பியின் உறையைக் கடிக்கின்றன. எஸ்டேட் லயங்களிலும் ஹட்டிகளிலும் வண்டி வைத்திருப்போர் வாரத்திற்கு ஒரு முறையேனும் காலையில் பானெட்டைத் திறந்து பார்ப்பது நல்லது. துடைத்த எண்ணெய்த் துணியை உள்ளேயே மறந்து வைப்பதும் இதே வகைதான்.

குளிர்ப் பிரதேசத்தில் பெட்ரோல் எளிதில் பற்றாது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது முற்றிலும் தவறு. நீர் உறையும் குளிரிலும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும். தை மாதத்தில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் விடியற்காலையிலும் கசிவு கசிவுதான்.

பானெட்டிலிருந்து வெண்மையாக எது எழுந்தாலும் தீ என்று பயந்து குதிக்கவும் வேண்டாம். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து எழுவது நீராவி. அது வெண்மையாக எழுந்து சிறிது தூரத்தில் மறைந்துவிடும். கருகிய வாசனை இராது. உதகை உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரி சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். இங்கே செய்யக் கூடாதது ரேடியேட்டர் மூடியை உடனே திறப்பது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீச்சி அடிக்கும். சாலையோரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் யாரோ ஒருவர், “மூடியைத் திற, தண்ணீர் ஊற்று” என்று உபதேசிப்பதை நாம் சுற்றுப்பயணங்களில் பல முறை கண்டிருக்கிறோம். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறும்வரை காத்திருப்பதே வழி. இறக்கத்தில் வருவது வேறு: சக்கரத்தின் அருகே கருகிய நாற்றமும் புகையும் எழுந்தால் அது பிரேக் சூடு. தாழ்ந்த கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்து வந்ததன் பயன். வண்டியை ஓரத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். கொதிக்கும் இரும்பின்மேல் தண்ணீரை வாரி இறைக்கக் கூடாது. புகை கறுத்தோ பழுப்பாகவோ எழுந்து, ரப்பரோ பிளாஸ்டிக்கோ கருகும் வாசனை வந்தால், அல்லது பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்தால், அதைத் தீ என்றே கொள்ள வேண்டும். யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை.

வண்டியை எங்கே நிறுத்துவது? கூடுமானவரை மலைப்பக்கத்தில், பள்ளத்தாக்கின் விளிம்பில் அல்ல. காய்ந்த புல், வீடு, மற்ற வாகனங்கள் இவற்றை விட்டு விலகி நிறுத்த முடிந்தால் நல்லது. அதற்காக நெடுந்தூரம் ஓட்டிச் செல்லக் கூடாது. எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அணைத்தால் பெட்ரோல் ஏற்றும் பம்பும் நிற்கும். கைப் பிரேக்கை இழுத்து, முன் சக்கரத்தை மலைச்சுவர்ப் பக்கம் திருப்பி, கியரிலும் விட்டுவிட வேண்டும். ஏனெனில் தீயில் பிரேக் கம்பிகள் எரிந்துபோனால் ஆளில்லாத வண்டி சரிவில் உருளத் தொடங்கும். எரியும் வண்டி கீழ் வளைவில் நிற்பவர்கள்மேல் உருளுவதை விடக் கொடியது வேறில்லை. தீ சிறிதாக இருக்கும்போதே பின்புறமாகச் சென்று சக்கரத்திற்கு ஒரு கல் வைக்க முடிந்தால் வைக்கலாம். தீ வளர்ந்துவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம்.

எல்லோரும் உடனே இறங்க வேண்டும். குழந்தைகளையும் முதியோரையும் முதலில் இறக்க வேண்டும். பெட்டி, பை, பழக்கூடை ஒன்றையும் எடுக்கக் கூடாது. காட்டுப் பாதையில் யானை நிற்குமோ என்ற பயத்தால் சிலர் இறங்கத் தயங்குவது உண்டு. பர்லியாற்றுப் பக்கத்தில் அந்தப் பயம் நியாயமானதே, ஆனால் யானை வரலாம், வராமலும் போகலாம், தீ வந்தேவிட்டது. கதவு பூட்டிக்கொண்டு திறக்கவில்லையானால் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான கல்லாலோ இரும்பாலோ ஓங்கி அடித்தால் அது பொடியாக உதிரும். முன்கண்ணாடியை அடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு கண்ணாடிகளை நடுவே படலம் வைத்து ஒட்டியது அது. விரிசல் விடுமே தவிர வழிவிடாது.

இறங்கியவர்கள் குறைந்தது 30 மீட்டராவது, அதாவது நூறு அடி, விலகி நிற்க வேண்டும். எந்தப் பக்கம் என்பது மலையில் முக்கியம். கசியும் பெட்ரோல் எரிந்துகொண்டே தாழ்வான பக்கம் ஓடும். ஆகையால் சாலையின் மேட்டுப் பக்கத்தில், காற்று தம் முதுகுப்புறமிருந்து வீசுமாறு நிற்பது உத்தமம். புகையைச் சுவாசிக்கவே கூடாது. இன்றைய காரின் உட்புறம் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதன் புகை நஞ்சு. சினிமாவில் காட்டுவது போலப் பெட்ரோல் தொட்டி எடுத்த எடுப்பில் வெடிப்பது அபூர்வம். ஆனால் டயர்கள் வெடிக்கும்; பானெட்டையும் பின்கதவையும் தாங்கும் வாயுக் குழல்கள் அம்பு போலப் பறந்து வரும்.

அடுத்து, மிகவும் முக்கியமான ஒன்று. பானெட்டைத் திறக்காதீர்கள். எஞ்சின் தீப்பற்றியதும் ஓடிவருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் முதலில் செய்ய நினைப்பது இதுவே. மூடிய அடுப்பின் கதவைத் திறந்து ஊதுவதற்கு ஒப்பானது அது. உள்ளே காற்றுப் போதாமல் புகைந்துகொண்டிருக்கும் தீ, திறந்த மாத்திரத்தில் முகத்தை நோக்கிச் சுடராக எழும். தீயணைக்கும் பொடிக் கருவி கையில் இருந்து, தீயும் சிறிதாக இருந்தால், இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் காற்றுத் திசையில் நின்று, முன்சல்லடை வழியாகவோ, சக்கர மேல்வளைவின் வழியாகவோ, பானெட் சிறிதே விலகியுள்ள இடுக்கின் வழியாகவோ தீயின் அடிப்பாகத்தை நோக்கிப் பீச்ச வேண்டும். ஒரு கிலோ கருவியில் உள்ள பொடி பத்து வினாடிக்குள் தீர்ந்துவிடும். தீர்ந்தும் தீ அணையவில்லையென்றால், அல்லது சுடர் பானெட்டுக்கு வெளியே வந்துவிட்டதென்றால், விலகிவிட வேண்டியதுதான். வண்டி போகட்டும்.

தண்ணீருக்கு வருவோம். பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட இலேசானவை. ஒரு குடம் தண்ணீரை எறிந்தால் எரியும் எண்ணெய் அதன்மேல் மிதந்து சாலை நெடுகப் பரவும். அந்தத் தீக்கு மண்ணே நல்லது. நம் சாலைகளில் மலையை வெட்டிய பக்கமெல்லாம் மண்தான். மம்மட்டியும் தோட்டத்தில் இருக்கிறது. வண்டிக்குக் கீழ்ச்சரிவில், தள்ளி நின்று, ஒரு வரப்புப் போட்டால் ஓடும் எண்ணெய் நின்றுவிடும். வரப்புக் கட்டுவதை விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரை வேறு இரண்டு காரியங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சுற்றியுள்ள புல்லை நனைப்பது. மாசி, பங்குனியில் காய்ந்த புல்லில் பட்ட பொறி எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024 மார்ச்சில் குன்னூர் பாரஸ்ட்டேல் பகுதியில் பார்த்தோம். விமானப்படை ஹெலிகாப்டர் தண்ணீர் மொண்டு வந்து கொட்ட வேண்டியதாயிற்று. அந்தத் தீயின் தொடக்கம் வேறு. ஆனால் எரியும் காரும் அதைச் செய்யக்கூடியதே. ஈரச் சாக்காலும் பச்சைத் தழையாலும் புல் தீயை அடித்து அணைக்க உங்களுக்குத் தெரியும்.

மற்றொன்று மனிதர்களுக்கு. உடையில் தீப்பற்றியவர் ஓடக் கூடாது. படுக்க வைத்து உருட்டி, கம்பளியால் போர்த்தி அணைக்க வேண்டும். நைலான் போர்வை உதவாது. பிறகு வெந்த இடத்தில் இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணீர் மெல்ல ஓடும்படி ஊற்ற வேண்டும். மஞ்சள், மை, பற்பசை, எண்ணெய் எதையும் பூசக் கூடாது; தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கவும் கூடாது. நம் ஊர்க் குளிரில் உடம்பு முழுவதும் நனைந்தால் அதுவே ஆபத்தாகும். ஆகவே வெந்த இடத்தை மட்டும் நனைத்து, மற்ற பாகத்தைப் போர்த்தி வைப்பதில் கவனம் வேண்டும்.

இதற்கிடையில் ஒருவர் 101 அல்லது 112-க்கும், காயம் இருந்தால் 108-க்கும் பேச வேண்டும். “குன்னூர் ரோட்டில் கார் எரிகிறது” என்று சொன்னால் போதாது. எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு, எந்தக் கிலோமீட்டர் கல், மேலிருந்து வந்தால் பக்கமா, கீழிருந்து வந்தால் பக்கமா என்று சொல்ல வேண்டும். மலையின் பல மடிப்புகளில் செல்போன் எட்டாது. அங்கே இரு சக்கர வண்டியில் ஒருவரை மேலேயும் ஒருவரைக் கீழேயும் அனுப்ப வேண்டும். அவர்களே முந்தைய வளைவில் நின்று மற்ற வண்டிகளை நிறுத்தவும், ஒரு பக்கச் சாலையைக் காலியாக வைக்கவும் வேண்டும். தீயணைப்பு வண்டி தாமதமாவது தூரத்தால் மட்டுமல்ல. நின்று படம் பிடிப்பவர்களின் கார்களாலும்தான்.

உதவி செய்தால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டிவரும் என்ற பயம் கிராமங்களில் இன்னும் போகவில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுபவர்மேல் வழக்குத் தொடர முடியாது என்று காப்பளிக்கிறது. தம் பெயரையும் விலாசத்தையும் கொடுக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இதைக் கிராம சபையில் உரக்கப் படித்துக் காட்டுவது நல்லது.

விவசாயிகளுக்குத் தனியே ஒரு வார்த்தை. கொழுந்து ஏற்றும் பிக்கப் வண்டியை நீங்கள் கடனில் வாங்கியிருக்கிறீர்கள். அது எரியும்போது ஒதுங்கி நில் என்று சொல்வது எளிது. நிற்பது கடினம் என்பதை அறிவோம். ஆர்.சி. புத்தகத்திற்காகவும், தொழிற்சாலையில் வாங்கிய பணத்திற்காகவும் மீண்டும் உள்ளே கை விடத் தோன்றும். அதற்கு முன்கூட்டியே செய்யவேண்டிய பரிகாரம் இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் உங்கள் வண்டி எரிந்ததற்கு ஒரு காசும் கிடைக்காது; சொந்தச் சேதத்தையும் தீயையும் சேர்த்த பாலிசியாக இருக்க வேண்டும். எரிந்தபின் போலீஸில் புகார் கொடுத்து, தீயணைப்பு நிலையத்தில் சான்று பெற்று, கம்பெனிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கொழுந்து வெட்டும் இயந்திரத்திற்கும் மருந்து தெளிக்கும் இயந்திரத்திற்கும் பெட்ரோலைப் பிளாஸ்டிக் கேனில் வாங்கி டிரைவர் காலடியில் வைத்துக்கொண்டு வருவதை இன்றோடு நிறுத்துங்கள். தீயணைக்கும் கருவியை மூட்டைகளுக்கு அடியில் போடாமல் டிரைவர் இருக்கையின் கீழ் வையுங்கள். அதன் முள் பச்சைக் கட்டத்தில் நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். மின்சார வண்டிகள் இப்போது மலை ஏறத் தொடங்கியுள்ளன. அவற்றின் பேட்டரியில் தீப்பற்றினால் அருகில் போகவே வேண்டாம். அணைந்ததுபோல் தோன்றிச் சில மணி நேரம் கழித்தும் மீண்டும் எரியும். தீயணைப்பு நிலையத்தாரிடம் அது மின்சார வண்டி என்று சொல்லிவிடுங்கள்.

ஊராட்சிகளிடம் நாம் கேட்பது பெரிய செலவு அல்ல. ஜனவரி 26-ஆம் நாள் கிராம சபை, கோடைத் தீக்காலத்திற்கு முன்பாகவே வருகிறது. அதில் ஒரு தீர்மானம் வையுங்கள். உங்கள் எல்லையில் உள்ள நெடுஞ்சாலை வளைவுகளில், எப்போதும் ஆள் இருக்கும் கடை அல்லது எஸ்டேட் காவல் அறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பொடிக் கருவிகளும், நான்கு வாளி உலர்ந்த மணலும், ஒரு மம்மட்டியும், இரண்டு பழைய கம்பளிகளும் அங்கே வைக்கலாம். கருவி வாங்க ஊராட்சி நிதி போதாத இடத்தில் எஸ்டேட்டுக்காரர்களையும் வியாபாரிகளையும் கேட்கலாம். அவர்களுடைய வண்டிகளும் இதே சாலையில்தான் போகின்றன. வளைவின் எண் அழிந்துபோயிருந்தால் நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதுங்கள்; நகல் ஒன்றை நமக்கும் அனுப்புங்கள், நாமும் நினைவூட்டுகிறோம்.

கருவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அதன் ஊசியை இழுக்கக் கை பழகியிராவிட்டால் அவசரத்தில் அது வெறும் சிவப்புக் குழாய்தான். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து, தகரத் தட்டில் எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்து, ஒவ்வொருவராக அணைத்துப் பழக ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பயிற்சியை ஆண்கள் மட்டும் கூடும் மாலை நேரத்தில் வைக்காமல், கொழுந்து நிறுவை முடிந்து பெண்கள் திரும்பும் நேரத்தில் வையுங்கள். பகல் முழுவதும் சாலையோரச் சரிவுகளில் இருப்பவர்கள் அவர்களே.